நான் அடைத்த வேலிப் பொட்டு

ஒரு வீட்டைத் திருத்துகிறேன் என்று தொடங்கி, நன்றாக இருந்த வீட்டை ஒருவரும் குடியிருக்க முடியாத வீடாக்கிய பெருமை எனக்கு உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பணம் இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் செய்கிற பிழைதான் அது. வெட்கப்பட வேண்டிய காரியம் வேறொன்று, அதையும் சொல்லத்தான் போகிறேன்.

வீடு, நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. எங்கள் பக்கத்தில் வீடென்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். ஆகவே என் மகள் கலியாணம் முடித்தபோது நானும் அதை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். வீட்டை இங்கே வாங்கிக்கொண்டு அவள் போய்க் குடியேறியது கனடாவில். நானும் என் கணவரும் அவளுக்குப் பத்து வயதாகும்வரை அந்த வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு டவுனுக்கு வந்தவர்கள். இவர் காலமான பின்னும் நான் டவுனிலேயே, துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை?

ஒரு நாள் மகள் தொலைபேசியில் சொன்னாள்: “அம்மா, பூட்டிக் கிடந்தால் வீடு பழுதாப் போயிடும். ஒரு வருசம் பாப்பம். ஆரும் வாடகைக்கு வரேல்லையெண்டால் தைப்பொங்கலோட வித்துப்போடுவம்.”

அவள் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. வீடும் அவளுடையது. ஆனால் நான் பிறந்து விழுந்தது அந்த வீட்டின் நடு அறையில். ஹோட்டல் கட்டுகிற ஓர் ஆள் ஏற்கெனவே இரண்டு தரம் ஒழுங்கையில் நின்று வீட்டைச் சுற்றிய வளவைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போயிருந்தார். விற்றால் அவர் முதல் வேலையாக வீட்டை இடிப்பார் என்பது குழந்தைக்கும் தெரியும். எனக்குக் கிடைத்தது ஒரு வருடம். அதற்குள் வீட்டுக்கு ஆள் பிடிக்க வேண்டும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவோ மிச்சம். உள்ளூர் ஆட்களுக்குக் கொடுத்தால் என்ன வரும், வெளிநாட்டு ஆட்களுக்கு நாள் கணக்கில் கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்குப் போய் ஒரு தேசிக்காய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, குளியலறை எங்கே என்று கேட்டு உள்ளே போய், குழாய் முதல் கண்ணாடி வரை தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். வெளியே வர நேரம் சென்றதால் ஹோட்டல்காரர் எனக்கு வயிற்றுக் கோளாறோ என்று விசாரித்தார்.

வேலைக்கு மேசன் பாஸைப் பிடித்தேன்; கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்பார்கள். கிண்ணியாக்காரர். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சுனாமியில் கடல் வந்த வருடத்திலிருந்தே வேலை செய்கிறவர். கையில் மட்டப்பலகையும் வாயில் ஒரே வசனமும் வைத்திருப்பார்: “நீங்க சொன்னா செய்யிறன் மிஸ். ஆனா சொல்லிப்போட்டுத்தான் செய்வன்.”

அவர் சொன்னதையெல்லாம் நான் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விறாந்தையில் சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தது. அதற்கு மேலே முகம் தெரிகிற வெள்ளை டைல் போட வேண்டுமென்றேன். “இது கடக்கரை வீடு மிஸ். ஈரக்காலும் மணலும் சேந்தா வழுக்கும். சொரசொரப்பா ஒண்டு போடுவம்” என்றார் பாஸ். சொரசொரப்பாகப் போட்டால் கோழிக்கூடு மாதிரி இருக்கும் என்றேன். வெளியே இருந்த விறகுக் குசினியை இடித்துவிட்டு உள்ளே மரத்தூளை அமத்திச் செய்த பலகையில் அலுமாரி அடிக்கச் சொன்னேன். உப்புக் காற்றுக்கு அந்தப் பலகை ஊதும் என்றார். ஊதினால் பார்ப்போம் என்றேன். அது பொரித்த அப்பளம்போல ஊதியதைப் பிறகு எல்லோரும் பார்த்தோம்.

கிணற்றடியில் கப்பியும் கயிறும் வாளியும் இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு மோட்டர் பூட்டி, மேலே தண்ணீர்த் தாங்கி வைக்கச் சொன்னேன். பாஸ் கிணற்றுக் கட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மேல்தண்ணிதான் இதில நல்லது மிஸ். கீழ உப்பு இரிக்கு. வாளியால அள்ளினா மேல்தண்ணி வரும். மோட்டர் அடியில இரிந்து இழுக்கும்.”

“வாறவை வாளியால அள்ளியே குளிப்பினம், பாஸ்?”

“சொல்லிப்போட்டன். இனிச் செய்யிறன்” என்றார்.

கடைசியாக, வேலிக்குப் பதிலாக மதில். வெட்கப்பட வேண்டிய காரியம் என்று சொன்னேனே, அது இங்கேதான் இருக்கிறது.

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு. பொட்டென்றால், ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு ஆள் புகுந்து போக வேலியில் விடுகிற இடைவெளி. அதற்குக் கதவு கிடையாது, பூட்டுக் கிடையாது. கறி கொஞ்சம் கூடச் சமைத்தால் கிண்ணம் அதால் போகும், ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் மற்ற வீட்டு ஆள் அதால் வரும். வேலியை எத்தனை தரம் புதிதாக அடைத்தாலும் பொட்டை விட்டுத்தான் அடைப்பார்கள். பொட்டை அடைப்பதென்றால் அந்த வீட்டோடு கதைபேச்சு முடிந்தது என்று ஊருக்கு அறிவிப்பதாகும்.

அந்தப் பக்கம் இருந்தவர் என்னைவிட மூத்த ஓர் அக்கா. தனி ஆள், வீட்டில் தையல் மெசின் வைத்துச் சட்டை தைப்பவர். அவருடைய கிணறு முந்தியே உவர். ஆகவே குடிதண்ணீருக்கு ஒவ்வொரு காலையும் வாளியோடு பொட்டால் வந்து எங்கள் கிணற்றில் அள்ளிக்கொண்டு போவார். நாங்கள் டவுனுக்குப் போன பிறகும் வருவார். வந்தால் சும்மா போகமாட்டார், முற்றத்தைக் கூட்டிவிட்டுத்தான் போவார். கடல் வந்தபோது எங்கள் வீட்டுச் சேற்றை வாரி வெளியே கொட்டியவரும் அவர்தான். நாங்கள் வந்து பார்த்தபோது தரை கழுவிக் கிடந்தது.

இப்படிப்பட்ட மனிசியின் பொட்டை, அவர் மூதூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த மூன்று நாட்களுக்குள் அடைக்கச் சொன்னேன். வெளிநாட்டு ஆட்கள் வந்து படுத்திருக்கும்போது வாளியோடு ஒருவர் குறுக்கே போனால் நன்றாகவா இருக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவருடைய முகத்துக்கு நேரே சொல்லப் பயம். அதனால்தான் அந்த மூன்று நாள். கச்சேரியில் எத்தனையோ பேரை எதிர்த்துக் கதைத்தவள் நான், அந்த அக்காவிடம் ஒரு சொல் கேட்கத் துணியவில்லை.

பொட்டை அடைக்கச் சொன்னபோது பாஸ் வழக்கமான வசனத்தைச் சொல்லவில்லை. நேரே கல்லடுக்கத் தொடங்கினார். ஒரு காரியத்துக்கு மட்டும் அன்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். மதில் முழுக்கப் பத்தடிக்கு ஒரு தூண் வைத்தவர், பொட்டு இருந்த இடத்தில் மட்டும் மூன்றடிக்குள் இரண்டு தூண் எழுப்பியிருந்தார்.

“இதென்ன பாஸ், கிட்டக்கிட்ட ரெண்டு தூண்? கம்பியும் சீமெந்தும் சும்மாவே வருது?”

“இந்த இடத்தில மண் எளக்கம் மிஸ்” என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆட்கள் நாள்தோறும் நடந்து இறுகிய மண் எப்படி இளகும் என்று யோசிக்க எனக்குப் புத்தி இருக்கவில்லை.

அக்கா மூதூரிலிருந்து வந்த மறுநாள் காலை ஒழுங்கையால் சுற்றி வந்து எங்கள் புதுக் கேற்றுக்கு வெளியே நின்றார். கையில் வாளி.

“பொட்டை அடைச்சாச்சோ பிள்ளை?”

“ஓம் அக்கா. வெளிநாட்டு ஆக்கள் வருவினம். அவையளுக்கு...”

“சரி” என்றார். வாளியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் கோபித்து ஏசியிருந்தால் நானும் நாலு சொல்லுச் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்தச் “சரி”யை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் பிறகு அவர் ஒழுங்கை முகப்பில் இருக்கிற குழாயில் தண்ணீர் பிடிப்பதைக் கண்டவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள்.

சோளகக் காற்றுத் தொடங்கிக் கடல் அடங்கியதும் ஆட்கள் வரத்தான் செய்தார்கள். முதல் வந்த வெள்ளைக்காரர் கடலில் குளித்துவிட்டு ஈரக்காலோடு விறாந்தையில் ஏறி, ஏறிய வேகத்திலேயே வழுக்கித் தரையில் இருந்துவிட்டார். அவர் சிரித்தார், மனைவி சிரிக்கவில்லை. நான் தைலத்தோடு ஓடினேன். அடுத்து வந்தவர்களுக்குச் சவர்க்காரம் நுரைக்கவில்லை. மூன்றாவதாகக் கொழும்பிலிருந்து வந்த குடும்பத்தில் ஒரு சின்னப்பிள்ளை தேநீரை வாயில் வைத்து அப்படியே துப்பியது. மோட்டர் நாள் முழுக்க இழுத்து இழுத்துக் கடலையே கிணற்றுக்குள் கொண்டுவந்துவிட்டது. அவர்கள் போய் இணையத்தில் எழுதியதை மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள்: வீடு அழகு, தண்ணீர் கடல்.

அதோடு ஆள் வரத்து நின்றது. ஹோட்டல் கட்டுகிற ஆள் மூன்றாம் தரமும் ஒழுங்கைக்கு வந்தார். “அம்மா, தை வருது” என்றாள் மகள். எனக்குத் தெரியாதா?

ஐப்பசி பிறந்து மழை இன்னும் இறங்காத நாளில், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு நேர்ஸ் வீடு பார்க்க வந்தாள். மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்தவள். கணவனுக்குப் புல்மோட்டையில் வேலை, கிழமைக்கு ஒரு தரம்தான் வருவார். இடுப்பில் இரண்டு வயது மதிக்கத்தக்க பெண்குழந்தை. நான் டைலைக் காட்டினேன், குளியலறையைக் காட்டினேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நேரே பின்வளவுக்குப் போய், மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பக்கத்தில ஆர் இருக்கினம் அன்ரி?”

“ஒரு அக்கா. நல்ல மனிசி.”

“அவவிட்டைப் போறதெண்டால்?”

“ஒழுங்கையால சுத்திப் போகவேணும்.”

அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். “வீடு வடிவாத்தான் இருக்கு. ஆனால் நான் ட்யூட்டிக்குப் போகேக்க பிள்ளையை ஆரிட்டையும் குடுத்திட்டுத்தான் போகவேணும். உதுக்குள்ள நான் விழுந்து கிடந்தாலும் ஒருத்தருக்கும் கேக்காது. எங்கட பக்கத்தில எவ்வளவு பெரிய மதில் கட்டினாலும் ஒரு பொட்டு விடுவினம். குறை நினைக்காதேங்கோ அன்ரி.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. ஆருடைய வீட்டில் நின்று என்ன கதை கதைக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். குழந்தை என்னைப் பார்த்தது. அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

ஏனென்றால் நானும் அதையேதான் செய்தேன். என் மகளுக்கு ஆறு மாதமானதிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை, ஒவ்வொரு காலையும் அந்தப் பொட்டால் அவளை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் கச்சேரிக்கு பஸ் ஏறினேன். பின்னேரம் அதே பொட்டால் வாங்கினேன். குளித்து, பவுடர் போட்டு, தைத்து மிஞ்சிய துண்டுத் துணியில் புதுச் சட்டை போட்டு என் பிள்ளை திரும்பி வரும். அந்த மூன்றடி இல்லாவிட்டால் எனக்கு உத்தியோகமும் இல்லை, இன்றைக்கு ஓய்வூதியமும் இல்லை. அதைத்தான் நான் சீமெந்துக் கல் வைத்து அடைத்திருந்தேன்.

நேர்ஸ் போன பிறகு நான் கேற்றைப் பூட்டவும் மறந்து ஒழுங்கையால் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா மெசினில் இருந்தார்.

“வா பிள்ளை. கதிரையில இரு.”

நான் இருக்கவில்லை. “அக்கா, நான் செய்தது பிழை” என்றேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “தேத்தண்ணி போடட்டோ?”

அதோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது தாண்டியவள் வாசலில் நின்று அழுதேன். என் பிள்ளையை வளர்த்துத் தந்த உங்களுக்கு நான் இப்படிச் செய்தேனே என்று சொன்னேன். நேர்ஸ் வந்தது, அவள் கேட்டது, குழந்தை, எல்லாவற்றையும் அழுகையோடு அழுகையாகக் கொட்டினேன்.

“அழாத. பிள்ளைக்கு என்ன வயசு?” என்றார் அக்கா.

“ரெண்டு இருக்கும்.”

“சோறு தின்னுமோ, இன்னும் பால்தானோ?”

அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்ன மறுமொழி. பிறகு தேநீர் போட்டுக்கொண்டே கிணற்றைப் பற்றிச் சொன்னார். கடல் வந்த வருடமும் அந்தக் கிணறு உப்பாகத்தான் போனதாம். அவசரப்படாமல் மாரி மழைக்கு விட்டு, பிறகு மேலால் மட்டும் அள்ளி அள்ளித் திருப்பினார்களாம். “மோட்டரை நிப்பாட்டு. மழை வரட்டும். அது நல்ல கிணறு, கோபம் வைச்சிருக்காது” என்றார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்கவில்லை. நேர்ஸ் இப்போது மூன்றாவது வருடமாக அங்கே இருக்கிறாள். அந்த மாரியில் நல்ல மழை பெய்தது. பாஸ் மோட்டர்க் குழாயை மேலே தூக்கிக் கட்டி, குளிப்பதற்கு மட்டும் கொஞ்ச நேரம் ஓட விடும்படி வைத்தார். குடிதண்ணீருக்குத் திரும்பவும் கப்பி. விறாந்தையில் சொரசொரப்பான டைல், கோழிக்கூடு மாதிரித்தான் இருக்கிறது, ஒருவரும் விழவில்லை. வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் இப்போது என்னிடம் கேட்டால், வந்து இருக்கப் போகிறவரின் ஒரு நாளை காலையிலிருந்து யோசித்துப் பாருங்கள் என்பேன். அதைப் படிக்க நான் கட்டிய பள்ளிக்கூடக் காசு அந்த மதில்.

ஆனால் மதில் உடைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க ஏலாது.

நேர்ஸையும் வரச் சொல்லியிருந்தேன். பாஸ் சைக்கிளில் தனியாக வந்தார், ஒரு சுத்தியலும் ஒரு அலவாங்கும் மட்டும்தான். மெசின் வெட்டு, தூசி, இரண்டு நாள் வேலை என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் அந்த இரண்டு தூணுக்கும் நடுவில் நின்று, பூச்சின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தார். அலவாங்கை ஒரு மூலையில் கொடுத்துக் கொஞ்சம் நெம்பினார். கல் முழுக்கல்லாகக் கழன்று அவர் கைக்கு வந்தது. அடுத்ததும் அப்படியே. பால் பல் விழுகிற மாதிரி ஒவ்வொன்றாக விழுந்தன. தூண் இரண்டும் அசையவில்லை. இடையில் இருந்த சாந்தை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன், வெறும் மணலாக உதிர்ந்தது.

“என்ன பாஸ் இது? சீமெந்து போடேல்லையோ?”

“இந்த மூண்டடிக்குள்ள கொஞ்சம்தான் போட்ட மிஸ். தூணோடயும் சேக்கல்ல. நீங்க எப்பயோ ஒரு நாள் தொறக்கச் சொல்லுவீங்க எண்டு தெரியும். அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் தூண் வெச்ச. தொறக்கேக்க மத்த மதில் வெடிக்கக்கூடாதே.”

“சொல்லிப்போட்டுத்தான் செய்வன் எண்டு சொல்லுறனீங்கள்?”

“இத மட்டும் சொல்லல்ல” என்றார் பாஸ். சிரிக்கவில்லை, அடுத்த கல்லை எடுத்தார்.

என் காசில், என் மதிலில், என் கண்ணுக்கு முன்னால் ஒருவர் என்னை ஏமாற்றியிருக்கிறார். ஏமாற்றியதற்காக அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். சீமெந்துக் கை, என் சேலையெல்லாம் வெள்ளை.

கடைசி வரிசையும் எடுத்து முடிந்தபோது அந்தப் பக்கத்தில் அக்கா நின்றார். வாளியோடுதான் நின்றார். அவருக்கு ஆச்சரியமே இல்லாததைக் கண்டு கேட்டேன்.

“அக்கா, உங்களுக்கு இது தெரியுமோ?”

“ஓம். நான் மூதூரால வந்த அண்டைக்கே பாஸ் சொன்னவர்.”

“ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் விழுந்திருக்குமே அக்கா. இவ்வளவு நாளும் முகப்புக் குழாயில போய்த் தண்ணி பிடிச்சனீங்கள். ஏன் விட்டனீங்கள்?”

“அது நீ அடைச்சது பிள்ளை” என்றார் அக்கா. “நீதான் திறக்கவேணும்.”

பிறகு வாளியை என்னிடம் தந்துவிட்டு, நேர்ஸின் இடுப்பிலிருந்த குழந்தையை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு அவரிடம் போனது. நான் வாளியோடு கிணற்றடிக்குப் போனேன்.